பலகைக்குப் பின்னால் இருந்த சுவர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழைநீர் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புறத் தெருக்களிலும் தேங்கி வடிந்தது. தரைத்தள வீடுகளின் சுவர்களில் ஓதம் ஏறியது. உப்புப் பூத்த சுவரை மறைக்க, எங்களிடம் வரும் நோயாளிகள் சிலர் பி.வி.சி. பலகைகளை ஒட்டினர். மறைத்த சுவர் உலர வழியேது? பலகைகள் புடைத்துக்கொள்ளவே, அவற்றைக் கழற்றும் வேலை இப்போது நடக்கிறது.

ஆவடியைச் சேர்ந்த ஓர் அம்மையார், நெடுநாள் ஆஸ்துமா நோயாளி, மூச்சுத்திணறலோடு எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டார். இன்ஹேலரை முறையாக எடுக்கிறாரா, மாத்திரையை நிறுத்தினாரா என்றெல்லாம் கேட்டோம். வீடு திரும்பிய மூன்றாம் நாளே மீண்டும் வந்தார். அப்போதுதான் அவருடைய மகன், “கூடத்துச் சுவரில் பழைய பசையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் டாக்டர். அம்மா பக்கத்து அறையில்தான் படுத்திருந்தார்கள்” என்றார். முதல் நாளே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பலகை போன இடத்தில் பசைத் திட்டுகள் நிற்கும். சுற்றிலும் கரும்பூஞ்சை படர்ந்திருக்கும். உலர்ந்த நிலையில் உப்புத்தாளாலோ கிரைண்டராலோ தேய்த்தால், பூஞ்சை வித்துகளும் சிமென்ட் பூச்சின் சிலிக்காத் தூளும் ஒருசேரக் காற்றில் கலக்கும். பழைய வீடாயின் பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தவழும் குழந்தை தரைத்தூளை விரலோடு வாயில் வைத்துக்கொள்ளும்.

தூளுக்கு அஞ்சித் தின்னரை நாடுவோர் உண்டு. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, சாமி விளக்கிலோ கொசுவர்த்தியிலோ பற்றிக்கொள்ளும். சில பெயிண்ட் ரிமூவர்களில் உள்ள மெத்திலீன் குளோரைடு உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது; இதய நோயாளிக்கு இது பேராபத்து. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திற்கு இத்தகைய ரிமூவர்களை விற்பது 2019இல் தடைசெய்யப்பட்டது. என்95 முகக்கவசம் தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கைக்குட்டை இரண்டையும் தடுக்காது.

ஈரமாக வேலை செய்வதே பாதுகாப்பு. முதலில் அந்தச் சுவருக்குரிய மின்சாரத்தை நிறுத்துங்கள். வெள்ளைப் பசையாயின், வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒற்றி வைத்தால் இளகும். பட்டி பிளேடால் வழித்துவிடலாம். ரப்பர் பசை நீருக்கு இளகாது. அதற்காகத் தின்னரைத் தேடாமல், அந்த இடத்துப் பூச்சை நனைத்துக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு அது சிறிய வேலைதான். விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய பலகைகளைக் கொல்லையில் எரித்துவிடாதீர்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு எனும் அமில வாயு இருக்கும். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு சரிசெய்யாமல் மறுபடியும் பலகை ஒட்டுவது வீண்செலவு.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளோர், கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோர் வேலை முடியும்வரை அவ்வீட்டில் இருக்கலாகாது. பக்கத்து அறை போதாது.

அந்த அம்மையார் பூந்தமல்லியில் தங்கை வீட்டில் இருபது நாள் தங்கினார். அதன்பின் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வரவில்லை. எங்கள் புறநோயாளிச் சீட்டில் இப்போது ஒரு வரியைச் சேர்த்திருக்கிறோம்: வீட்டில் பழுதுபார்ப்பு வேலை நடக்கிறதா?