மரம் பூத்தால் மீன் வரும்

நம் நாட்டில் இளவேனில் என்பது பெரும்பாலும் பஞ்சாங்கத்தில் உள்ள பருவம். சித்திரை பிறக்கும்போது நாம் விசிறியைத் தேடுகிறோம். ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ அது கண்ணெதிரே நடந்தேறும் பெருநிகழ்ச்சி. மாதக்கணக்காகப் பட்ட கட்டைபோல் நின்ற மரங்கள் ஒரு வாரத்துக்குள் பூத்துவிடுகின்றன. முதலில் ரெட்பட் மரம் ஊதா கலந்த செந்நிறமாய்ப் பூக்கும். பின்னர் டாக்வூட் மரம் வெள்ளை வெளேரெனப் பூக்கும். அம்மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிழவர்கள் கொட்டிலுக்குள் நுழைந்து தூண்டில் தடிகளைத் தூசு தட்டி வெளியே எடுப்பார்கள். டாக்வூட் பூத்தால் கிராப்பி கரைக்கு வரும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட கணக்கு.

கிராப்பி என்பது நன்னீரில் வாழும் ஒரு மீன். சிலர் அதனைக் 'குரொப்பி' என்றும் உச்சரிப்பர். எது சரியென்று கேட்டால் இரு சாராரும் சண்டைக்கு வருவர். லூயிசியானா மாநிலத்தில் பிரெஞ்சு வழக்கில் அதற்குப் 'பாற்பை' எனப் பொருள்படும் 'சாக்கலே' என்று பெயர். கையகலமாய்த் தட்டையான உடல், வெள்ளி நிறம், அதன்மேல் மை தெளித்தாற்போலக் கரும்புள்ளிகள். இதில் இரண்டு இனங்கள் உண்டு. வெள்ளைக் கிராப்பியின் புள்ளிகள் மேலிருந்து கீழாக வரிவரியாய் அமைந்திருக்கும். கறுப்புக் கிராப்பியில் அவை ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். ஐயந் தீர்க்க விரும்பும் மாணவர் முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணலாம்: வெள்ளைக்கு ஐந்து அல்லது ஆறு, கறுப்புக்கு ஏழு அல்லது எட்டு.

உருவில் இது பெரிய மீனன்று. அரை இறாத்தல் முதல் ஓர் இறாத்தல் வரையுள்ள மீனையே பெரும்பாலும் பிடிக்கிறார்கள். 1957ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்து ஈனிட் அணைக்கட்டில் பிடிபட்ட 5 இறாத்தல் 3 அவுன்ஸ் நிறையுள்ள வெள்ளைக் கிராப்பியே அவ்வினத்தில் உலக சாதனையாகப் பதிவு பெற்றது. இந்தச் சின்ன மீனுக்காக ஒரு நாட்டின் பாதி ஏன் அதிகாலைக் குளிரில் எழுந்து போகின்றது? இதனை அறியும் ஆவலோடுதான் ஏப்ரல் முதல் வாரமொன்றில் டென்னசி மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள ரீல்புட் ஏரிக்கு நாம் சென்றோம்.

அந்த ஏரியின் பிறப்பே ஒரு விந்தை. 1811ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து 1812ஆம் ஆண்டு பெப்ரவரி வரை அப்பகுதியைப் பெரும் பூகம்பங்கள் உலுக்கின. மிசிசிப்பி நதி சிறிது நேரம் பின்னோக்கி ஓடியதாகக் கண்டவர்கள் எழுதி வைத்தார்கள். நிலம் தாழ்ந்து, ஓடை மறிபட்டு, நின்றிருந்த காடு நீருள் மூழ்கியது. அந்தக் காட்டின் அடிக்கட்டைகள் நீருக்கடியில் இன்றும் இருக்கின்றன. கரையோரமெங்கும் சைப்பிரஸ் மரங்கள் இடுப்பளவு நீரில் அடிபருத்து நிற்கின்றன. ஏரியின் பரப்புப் பெரிது. ஆழமோ பல இடங்களில் ஒருவர் எழுந்து நிற்குமளவே. கட்டையும் வேரும் நிறைந்த அந்த ஆழமில்லா நீர், கிராப்பிக்கென்றே செய்து வைத்த வீடு போன்றது.

எம்மை ஏற்றிச் சென்ற படகோட்டி எழுபது வயதைக் கடந்தவர். பத்து வயதுப் பேரன் ஒருவனும் உடன் வந்தான். அவருடைய படகு அந்த ஏரிக்கே உரிய ஒரு வகை. தண்டு வலிப்பவர் பின்புறம் பார்த்து அமர்வதே உலக வழக்கம். இங்கே துடுப்பின் நடுவில் ஒரு மூட்டு அமைத்து, முன்னோக்கி அமர்ந்தே வலிக்கும்படி செய்திருக்கிறார்கள். கட்டைக் காட்டுக்குள் முதுகைக் காட்டிப் போனால் படகு மிஞ்சாது என்பதைப் பட்டறிந்து கண்ட உபாயம் அது.

முதல் நாட் காலை எமக்கு ஒரு மீனும் அகப்படவில்லை.

முந்திய நாள்வரை வெயில் காய்ந்து, ஆழமில்லாத கரையோர நீர் இளஞ்சூடேறி, அயலவர் கூடை நிறையப் பிடித்தார்களாம். நாம் போய்ச் சேர்ந்த இரவே வடக்கிலிருந்து குளிர்காற்று வீசிற்று. விடிந்தபோது வானம் மாசு மறுவற்ற நீலமாயிருந்தது. நாம் அதைக் கண்டு மகிழ்ந்தோம். படகோட்டி முகஞ் சுளித்தார். அவர் ஒரு சிறு வெப்பமானியை நூலில் கட்டி நீருள் இறக்கினார். நேற்று 60 பாகைக்கு அருகில் நின்ற கரையோர நீர் இப்போது 53 பாகையில் நின்றது. பரனைற் கணக்கைத்தான் சொல்கிறோம். "ஐயா, மீன் எங்கும் ஓடிப்போகவில்லை. போர்வையைத் தேடிப் போயிருக்கிறது" என்றார் அவர்.

அவர் சொன்னதன் உட்பொருள் இதுதான். மீன் தன் உடலுக்கென்று சூடு வைத்துக்கொள்ளாத பிராணி. நீர் குளிர்ந்தால் அதன் பசியும் அசைவும் குறையும். ஆழமற்ற நீர் விரைவில் சூடேறும். அதே விரைவில் ஆறியும் போகும். ஆழ்ந்த நீர் இரண்டிலும் தாமதிக்கும். ஆகவே இளவேனிற் காலத்துக் கிராப்பி, கரைக்கும் ஆழத்துக்கும் இடையே வெயிலையும் காற்றையும் அனுசரித்து முன்னும் பின்னுமாய் நகர்ந்துகொண்டிருக்கும். 50 பாகையைத் தாண்டும்போது அது கரையை நாடத் தொடங்கும். 60 முதல் 65 பாகையளவில் முட்டையிடும். பூவைப் பார்த்துச் சொல்லும் கணக்கும் இந்த வெப்பமானியின் கணக்கும் ஒன்றே. மரத்தைப் பூக்கச் செய்யும் வெயில்தான் நீரையும் சூடேற்றுகிறது.

நண்பகலளவில் படகை ஏரியின் நடுப்புறம் நகர்த்தினோம். ஏறக்குறைய ஒன்பது அடி ஆழத்தில், வெளியே தெரியாத ஓர் அடிக்கட்டை அங்கே உண்டென்பது கிழவருக்கு மட்டுமே தெரியும். கரையில் தெரிந்த இரு மரங்களை நேர்கோட்டில் வைத்து அவர் அதைக் கண்டுபிடித்தார். இப்போது பலர் படகில் மின் கருவி பூட்டி மீனைத் திரையிலேயே பார்த்துவிடுகிறார்கள். கிழவருக்கு அதில் விருப்பமில்லை. எமக்கும் அப்படித்தான் என்று சொல்ல ஆசை. எனினும் முதல் நாட் காலையில் அத்தகைய கருவி ஒன்று எவரேனும் தந்திருந்தால் நாம் வேண்டாமென்றிருக்க மாட்டோம்.

பத்தடிக்குக் குறையாத நீண்ட தடி, மெல்லிய தங்கூசி, ஒரு தக்கை, சிறிய ஈயமணி, மெல்லிய கம்பியாலான தூண்டில்முள். முள் ஏன் இத்தனை மெலிது என வினவினோம். கிழவர் வேண்டுமென்றே அதைக் கட்டையில் மாட்டி வலுவாக இழுத்துக் காட்டினார். முள் நிமிர்ந்து கழன்று வந்தது. விரலால் மறுபடி வளைத்து அதே முள்ளில் இரை கோத்தார். தடித்த முள்ளாயின் நூல் அறுந்து, முள்ளும் ஈயமும் ஏரிக்குச் சொந்தமாகியிருக்கும். இரையாவது விரல் நீளமும் இல்லாத உயிருள்ள சிறுமீன். முதுகுத் துடுப்பின் அடியில் நோகாமற் குத்திவிட்டால் அது நெடுநேரம் நீந்தும். சிலர் இதற்குப் பதிலாக ஈயத் தலையில் வண்ண இழை கட்டிய 'ஜிக்' என்னும் போலி இரையை இறக்குவர். அது ஓர் அவுன்சின் பதினாறில் ஒரு பங்கோ, முப்பத்திரண்டில் ஒரு பங்கோதான் இருக்கும்.

இரையை அடிவரை இறக்கிய எம்மைக் கிழவர் தடுத்தார். கிராப்பியின் கண்கள் மேல்நோக்கி இரை தேடுவதற்கு அமைந்தவை. தனக்குக் கீழே கிடப்பதை அது பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஆதலால் மீன் நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலேயே இரை நிற்க வேண்டும். இரண்டடி உயர்த்தினோம். சிறிது நேரத்தில் தக்கை மூழ்குவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. மீன் இரையோடு மேலே எழும்பினால் ஈயத்தின் பாரம் தக்கைக்கு இல்லாமற் போய்விடும், அதுவே அடையாளம். நாம் உற்சாகத்தோடு தடியைச் சுண்டி இழுத்தோம். ஏதோ கனத்தது, பின் ஒன்றுமில்லை.

"காகித வாய்!" என்று சிறுவன் கைகொட்டிச் சிரித்தான். அது அந்த மீனுக்கு அவர்கள் இட்ட செல்லப் பெயர். அதன் வாயோரத்துச் சவ்வு அத்துணை மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல இழுபாட்டைத் தளர்த்தாமலும் இறுக்காமலும் உயர்த்தி, படகருகே வந்ததும் அத்தாங்கால் ஏந்திக்கொள்ள வேண்டும். நாம் இக்கலையைப் பயில மேலும் நான்கு மீன்களை இழந்தோம். மாலைக்குள் பதினொரு மீன் படகில் இருந்தன. அவற்றுள் எம்முடையவை மூன்று.

இரவு கிழவரின் இல்லத்தில் விருந்து. முள் நீக்கிய தசையைச் சோளமாவில் புரட்டி, கொதிக்கும் எண்ணெயிற் பொரித்தார்கள். வெண்மையான, மெதுவான, மீன் வெடில் அற்ற தசை. அவர்கள் அதன்மேல் எலுமிச்சம் புளி மட்டும் பிழிந்து உண்டார்கள். சிறிது மிளகாய்த்தூள் இருந்திருப்பின் நாம் இன்னும் நன்றியோடு உண்டிருப்போம்.

விருந்தின்போது கிழவர் ஏரியின் இன்னொரு கதையைக் கூறினார். அது அச்சடித்த நூல்களிலும் உள்ள வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நிலக் கம்பனி ரீல்புட் ஏரியின் கரையையும் நீரையும் தனதென்று உரிமை கொண்டாடிற்று. நூறாண்டாக அங்கே மீன்பிடித்துச் சீவித்த ஏழைகள் ஒரே நாளில் கள்வராயினர். முறையீடுகள் பலிக்கவில்லை. அவர்களிற் சிலர் முகமூடியணிந்து இரவில் குதிரையேறித் திரிந்து, அயலவரை அச்சுறுத்தியும் அடித்தும் தம் கட்சிக்கு இழுத்தனர். 1908ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் இரவு, கம்பனியின் பங்காளர்களான குவென்டின் ராங்கின், ரொபேட் டெய்லர் என்னும் இரு வழக்கறிஞர்களை அவர்கள் விடுதியிலிருந்து இழுத்துச் சென்றார்கள். ராங்கினைத் தூக்கிலிட்டுச் சுட்டார்கள். டெய்லர் நீருள் பாய்ந்து மறைந்து உயிர் தப்பினார். ஆளுநர் படையை அனுப்பினார். அறுவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டு, 1909இல் மேல் நீதிமன்றத்தால் அது நீக்கப்பட்டது. இறுதியில் 1914ஆம் ஆண்டளவில் மாநில அரசே ஏரியைப் பொறுப்பேற்றது. இன்று அனுமதிப் பத்திரம் உள்ள எவரும் அங்கே தூண்டில் போடலாம். நியாயமான ஓர் உரிமைக்காக நியாயமற்ற கொலையொன்று நடந்தது. கிழவர் இரு பக்கத்தையும் புகழாமல், மெல்லிய குரலில், சொல்ல வேண்டிய அளவே சொல்லி நிறுத்தினார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் வெயில் காய்ந்தது. மூன்றாம் நாள் வெப்பமானி 61 பாகையைக் காட்டிற்று. படகு சைப்பிரஸ் மரங்களின் அடிக்கே போயிற்று. அங்கே நீரின் ஆழம் மூன்றடிகூட இராது.

ஆண்மீன்கள் முதலில் வந்துவிடும். அடித்தரையில் சிறிது இடத்தைத் துப்புரவாக்கி, பெண்மீன் வந்து முட்டையிட்டுச் சென்றபின் ஆண்மீனே காவல் நிற்கும். முட்டை பொரிக்க இரண்டு முதல் ஐந்து நாள் செல்லும். குஞ்சுகள் கலைந்து போகுமட்டும் காவல் நீடிக்கும். நம் குளங்களில் 1950களில் விடப்பட்ட திலாப்பியாவிலும் ஆண்மீனே குழி தோண்டும்; ஆயினும் அங்கே தாய் முட்டைகளைத் தன் வாயிலேயே சுமந்து காக்கும். கிராப்பியில் அப்பொறுப்பு முழுவதும் தந்தையுடையது. அந்தக் காலத்தில் அதன் உடல் கறுத்துவிடும்.

சிறுவனின் தக்கை திடீரென மறைந்தது. அவன் பதறாமல் உயர்த்தினான். கரி பூசியதுபோல் கறுத்த மீன். குறைந்தது ஒன்றேகால் இறாத்தல் இருக்கும். அந்த மூன்று நாளிலும் அதுவே பெரிது. அவன் முகம் மலர்ந்தது. பின்னர் தாத்தாவைப் பார்த்தான். மலர்ச்சி சற்றே ஒடுங்கிற்று.

"தாத்தா, இது காவல் நிற்கும் மீனா?"

"அப்படித்தான் தெரிகிறது."

"வைத்துக்கொள்ளக் கூடாதா?"

"சட்டம் தடுக்கவில்லை. நீளமும் போதும், எண்ணிக்கையும் மிஞ்சவில்லை. உன் மீன், நீயே தீர்த்துக்கொள்."

இதில் அறிஞரின் கருத்தையும் சொல்லவேண்டும். ஒரு பெண் கிராப்பி சில ஆயிரம் முதல் இலட்சத்துக்கு மேலும் முட்டையிடும். அவ்வாண்டின் நீர்மட்டம், காற்று, குஞ்சுக்கு வேண்டிய நுண்ணுயிர் இரை ஆகியவையே எத்தனை குஞ்சு பிழைக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஓர் ஆண்டு ஏரி கொள்ளாத குஞ்சும், மறு ஆண்டு வெறுமையும் காணப்படும். பெரிய ஏரியொன்றில் ஒரு பையன் ஓர் ஆண்மீனை எடுப்பதால் இனம் குன்றிவிடாது. அந்த ஏரிக்கு உண்மையான கவலை, சுற்றுமேட்டு நிலங்களிலிருந்து மழையோடு வந்து படியும் வண்டல். அது ஆண்டாண்டாக ஏரியைத் தூர்த்து வருகின்றது. இவை யாவும் கிழவருக்குத் தெரியும். எனினும் அவர் பேரனிடம் இவற்றுள் ஒன்றும் கூறவில்லை.

சிறுவன் மீனைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தான். ஈரக் கையால்தான் பிடித்திருந்தான் என்பதைக் கவனித்தோம். பின்னர் குனிந்து, நீருக்குள் கையை வைத்து விரல்களை விரித்தான். மீன் ஒரு கணம் அசையாது நின்று, சைப்பிரஸ் வேர்களின் பக்கமாகத் திரும்பி மறைந்தது. கிழவர் துடுப்பை எடுத்தார். "அடுத்த மரத்தில் இன்னும் கறுக்காத மீன்கள் இருக்கும்" என்றார். படகு நகர்ந்தது. பையன் சிறுமீன் வாளிக்குள் கையை விட்டு, அடுத்த இரையைத் தேடிக்கொண்டிருந்தான்.