டாக்டர் வரைந்த டாக்டர்கள்

மயிலாப்பூரில் எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், கைக்குக் கிடைப்பது பழைய வார இதழ்கள்தான். புரட்டினால் எப்படியும் ஒரு டாக்டர் ஜோக் இருக்கும். ஆபரேஷன், நர்ஸ், ஃபீஸ் என்று எல்லாமே நோயாளி பக்கத்திலிருந்து வருகிற கிண்டல். டாக்டரே சக டாக்டரைக் கிண்டலாக வரைந்தால்?

நம் நாட்டில் மும்பை ரேடியாலஜிஸ்ட் ஹேமந்த் மோர்பாரியா கார்ட்டூனிஸ்டாகவும் பேர் வாங்கியவர். ஆனால் அவர் அதிகம் வரைந்தது அரசியலை. மேலே தேடியபோது மாட்டியவர் பாரிஸின் ழான்-மார்ட்டின் ஷார்கோ (1825–1893).

நரம்பியல் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். பார்க்கின்சன் நோய்க்கு அந்தப் பெயர் நிலைத்ததே இவரால்தான். அப்பா குதிரை வண்டி செய்பவர். பையன் ஓவியமா மருத்துவமா என்று தடுமாறி மருத்துவத்துக்குப் போனார். பென்சிலை மட்டும் விடவில்லை. தேர்வாளராக உட்கார்ந்திருக்கும் நீண்ட நேரங்களில் பக்கத்து நாற்காலிப் பேராசிரியர்களைக் கிறுக்கித் தள்ளியிருக்கிறார். தன்னையும் சும்மா விடவில்லை, கிளியாக வரைந்துகொண்டார்!

வெறும் பொழுதுபோக்கா? இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்வான்களைப் பாருங்க. நூறு விவரங்களை விட்டுவிட்டு, அந்த ஆளை அந்த ஆளாக்கும் ஒன்றிரண்டை மட்டும் பிடித்திருப்பார். ஷார்கோ வார்டில் செய்ததும் அதே வேலைதான். கை நடுக்கம் பலருக்கும் வரும். மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்குகிறதா, டம்ளரை எடுக்கப் போகும்போது நடுங்குகிறதா? இந்த மாதிரி வித்தியாசங்களை வைத்துத்தான் பார்க்கின்சனையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையும் அவர் பிரித்துக் காட்டினார். ஸ்கேன் இல்லாத காலம், கண்தான் கருவி. 1885–86இல் அவரிடம் பயின்ற ஃபிராய்டு, பின்னால் எழுதிய அஞ்சலியில், குரு சிந்தனையாளர் என்பதைவிடக் கலைஞனின் சுபாவம் கொண்ட 'பார்க்கிறவர்' என்ற பொருளில்தான் சொல்கிறார்.

ஆனால் ஒரு நெருடல். ஷார்கோவின் ஓவியப் பக்கத்தை அவருடைய மாணவர் ஆன்ரி மேஜ் விரிவாக எழுதியது 1898இல், குரு இறந்து ஐந்து வருஷம் கழித்து. அதே சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஹிஸ்டீரியா என்று சேர்க்கப்பட்ட பெண்களின் புகைப்படங்களோ 1870-களிலேயே புத்தகமாக அச்சேறிவிட்டன. அவர்கள் உயிரோடு, அதே வார்டில் இருக்கும்போதே. பேராசிரியரின் மூக்குக்குக் கிடைத்த மறைவு ஏழைப் பெண்ணின் முகத்துக்குக் கிடைக்கவில்லை.

பார்க்கிற கண் ஒன்றுதான். யாரைப் பார்க்கிறது, யாருக்குக் காட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போதெல்லாம் டோக்கன் நம்பர் கூப்பிட்டு உள்ளே போகும்போது ஒன்று கவனிக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் என் நடையை, கையை, முகத்தைப் பார்த்து முடித்துவிடுகிறார். மனசுக்குள் என்னை வரைந்தாச்சு. வெளியே அந்த டாக்டர் ஜோக்குகள் இருப்பது நியாயம்தான். பதிலுக்கு நாமும் ஒரு படம் போட வேண்டாமா?