ஹோமம் செய்யலாம்... மாத்திரையை நிறுத்தலாமா?

வாலாஜாபேட்டை:

ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. என வருஷக்கணக்கில் படுத்தும் வைரஸ் நோய் வந்தால், மருந்தோடு ஹோமமும் செய்பவர்கள் உண்டு. ராணிப்பேட்டை மாவட்டம் வாலாஜாபேட்டை தன்வந்திரி ஆரோக்ய பீடத்தில் நோய் தீர வேண்டி ஹோமங்கள் நடக்கின்றன.

மிருத்யுஞ்சய ஹோமத்தில் நெய், அருகம்புல், சீந்தில் கொடி போடுவார்கள். மந்திரம் கேட்டு உட்கார்ந்தால் மனசு லேசாகும், பயம் குறையும். ஆனால் அந்தப் புகை ரத்தத்தில் உள்ள வைரசை கொல்லும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உஷார்!

'பரிகாரம் முடிஞ்சாச்சு' என்று ஹெபடைடிஸ் பி மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகும். கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம். எச்.ஐ.வி. மாத்திரையை விட்டாலும் கிருமி பெருகும். ஆஸ்துமா, காசநோய் உள்ளவர்களுக்கு புகை ஆகாது, தள்ளி உட்காருங்க. சீந்தில் கஷாயமும் டாக்டரை கேட்காமல் வேண்டாம். 2020ல் மும்பையில் சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்கு கல்லீரல் பாதித்ததாக டாக்டர்கள் பதிவு செய்துள்ளனர்.

இலவச சிகிச்சை

மத்திய அரசு 2018ல் தொடங்கிய திட்டத்தில் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி வகை பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையிலேயே குணமாகிவிடும். கடன் வாங்கி ஹோமம் செய்யும் முன், அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க.