வீட்டுச் சுவரில் ஒரு பத்திரிகை

"படிக்கிற பிள்ளைக்கு எதற்கு நிருபர் வேலை?" என்று உங்களுக்குத் தோன்றலாம். பிள்ளையின் கைக்கு வாட்ஸ்அப் வந்துவிட்டது. வருகிற சேதி உண்மையா என்று கேட்கிற பழக்கமும் கூடவே வரவேண்டாமா? தானே ஒரு செய்தியைத் தேடி எழுதிப் பார்த்த பிள்ளைக்கு அது எளிதில் வரும்.

செலவு எவ்வளவு ஆகும்? ஒரு சார்ட் அட்டையும் மூன்று வண்ண ஸ்கெட்ச் பேனாவும் போதும். சுவர்ப் பத்திரிகை (கையால் எழுதிச் சுவரில் ஒட்டும் செய்தித்தாள்) தயார். மாதத்துக்கு ஓர் இதழ் வந்தால் போதும்.

எதைப் பற்றி எழுதுவது? தெருவைப் பற்றி. தண்ணீர் வராத குழாய், புதிதாகத் திறந்த கடை, குட்டி போட்ட நாய் எல்லாமே செய்திதான்.

வண்ணம் ஏன் மூன்று? கண்ணால் பார்த்தது நீலத்தில், பிறர் சொன்னது பச்சையில், தனக்குத் தோன்றியது சிவப்பில். 'குழாயடியில் 12 குடங்கள் வரிசையில் இருந்தன' என்பது நீலம். 'மோட்டார் பழுது என்று எதிர்வீட்டு அத்தை சொன்னார்' என்பது பச்சை. 'இது ரொம்ப அநியாயம்' என்பது சிவப்பு.

முதல் இதழ் பெரும்பாலும் சிவப்பாக இருந்தால்? இருக்கட்டும், திட்டாதீர்கள். பச்சை வரிகளைக் காட்டி, "அத்தைக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவரிடமே போய் விசாரிக்கலாம் என்று பிள்ளைக்குத் தோன்றும். கூட நீங்களும் போங்கள். சரிபார்ப்பு (சொன்னது மெய்யா என்று இன்னொரு வழியில் உறுதி செய்வது) என்பது இவ்வளவுதான்.

படம் போடலாமா? அதற்கு முன் ஒரு விளையாட்டு. அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டி, அதன் வழியே தெருவைப் பார்க்கச் சொல்லுங்கள். கோலத்தின் பக்கம் திருப்பினால் தெரு பளிச்சென்று இருக்கும். குப்பைத் தொட்டிப் பக்கம் திருப்பினால் அதே தெரு முகம் சுளிக்க வைக்கும். ஒரு படம் பொய் சொல்லாமலே ஏமாற்ற முடியும் என்று பிள்ளைக்கு அப்போது புரிந்துவிடும்.

இன்னும் எழுத வராத பிள்ளை என்ன செய்யும்? 2003-ல் டெல்லியில் தொடங்கிய 'பாலக்நாமா', தெருவோரக் குழந்தைகளும் வேலைக்குப் போகும் குழந்தைகளும் நடத்தும் பத்திரிகை. அதில் எழுதத் தெரியாத நிருபர்களும் உண்டு. 'பாதூனி' (வாயாடி) நிருபர் என்று பெயர். அவர்கள் வாயால் சொல்லும் சேதியை எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். உங்கள் வீட்டிலும் சின்னது சொல்லட்டும், பெரியது எழுதட்டும்.

அக்கம்பக்கத்தில் சண்டை வராதா? வராமலிருக்க இரண்டு விதிகள் வையுங்கள். ஒருவருடைய பெயரையோ படத்தையோ போடுமுன் அவரிடம் கேட்க வேண்டும். தவறாக எழுதிவிட்டால் அடுத்த இதழில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், 'திருத்தம்' என்று போட வேண்டும். தப்பை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை என்று பிள்ளை படிக்கிற இடமும் அதுதான்.

இதனால் உங்களுக்கு என்ன பலன்? குடும்பக் குழுவில் அடுத்த வதந்தி வரும்போது, "இது நீலமா, பச்சையா?" என்று கேளுங்கள். பிள்ளையே உங்களை அப்படிக் கேட்கும் நாளும் வரும். அது நீங்கள் அனுப்பிய சேதியாகவும் இருக்கலாம், தயாராக இருங்கள்.