கடிவாளம் யார் கையில்?

புதிய கார் ஒன்று கடைவாசலில் நிற்கிறது. கிட்டே போனால் பூட்டுத் தானே திறந்துகொள்கிறது. பொத்தானை அழுத்தினால் என்ஜின் உயிர் பெறுகிறது. மழைத்துளி கண்ணாடியில் பட்டதும் வைப்பர் தானே ஆடுகிறது. முன்னே போகும் வண்டி நின்றால், இதுவும் தானே நிற்கிறது. "என்ன வசதி! என்ன வசதி!" என்று கைகொட்டுகிறது ஒரு கூட்டம். "எல்லாம் வெறும் பகட்டு! அந்தநாள் அம்பாசடருக்கு ஈடாகுமா?" என்று பெருமூச்சு விடுகிறது மற்றொரு கூட்டம். கைகொட்டலும் வேண்டாம், பெருமூச்சும் வேண்டாம். கணக்குப் பார்ப்போம் வாருங்கள் தோழர்களே, என்று அழைக்கிறோம் நாம்.

"காரைப் பற்றி நமக்கென்ன பேச்சு? அது காரில் போகிறவன் கவலையல்லவா?" என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். காரில் போகிறவன் ஒருவன். காரால் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர்! ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் அதைப் பூட்டிப் பொருத்துகிறவன் தொழிலாளி. மாதத் தவணைக்கு வாங்கி, இரவு பகலாக டாக்சி ஓட்டுகிறவன் தொழிலாளி. தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் அதன் வயிற்றுக்கடியில் படுத்து, எண்ணெய் வழியும் முகத்தோடு பழுது பார்க்கிறவனும் தொழிலாளி. ஆகவே, இது நம் வீட்டுப் பேச்சுதான்!

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நாம் இயந்திரத்தின் பகைவர்கள் அல்லர். பகுத்தறிவு இயக்கம் விஞ்ஞானத்தைக் கண்டு மருண்டதில்லை. பெட்ரோலுக்குப் பதில் மின்சாரத்தால் கார் ஓடலாம், அதன் எடையும் மிகக் குறையலாம் என்று 'இனிவரும் உலகம்' என்ற கட்டுரையில் 1940-களிலேயே எழுதியவர் பெரியார். மின்சாரக் கார் இன்று நம் தெருவில் ஓடுகிறது. வருவதை வரவேற்ற மரபு நம்முடையது.

வரவேற்கத்தக்க வசதிகள் எவை? அந்தக் காலத்தில் காரைக் கிளப்ப, முன்பக்கம் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால், சுழற்றியவன் கை எலும்பு முறியும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டு காடிலாக் காரில் வந்தது. முரட்டு உடல் படைத்தவன்தான் கார் ஓட்டலாம் என்றிருந்த நிலை மாறிற்று. பெண்களும் முதியவர்களும் ஓட்டத் துணிந்தனர். வைப்பர் மட்டும் என்ன? 1903-இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி. உலகமே பயன் பெற்றது; அவருக்கு அதனால் ஒரு காசும் கிட்டவில்லை.

1959-ஆம் ஆண்டைப் பாருங்கள்! ஸ்வீடன் நாட்டு வோல்வோ கம்பெனியின் பொறியாளர் நீல்ஸ் போலின், மார்பையும் இடுப்பையும் சேர்த்து அணைக்கும் இருக்கைப் பட்டையை உருவாக்கினார். ஒரே கையால் ஒரு நொடியில் மாட்டலாம். எளிமை இருந்ததால்தான் மக்கள் அணிந்தனர், உயிரும் பிழைத்தது. அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் தடையின்றித் திறந்து விட்டார்கள். வசதியும் பாதுகாப்பும் கைகோத்து வந்த வரலாறு இது. நம் நாட்டிலும் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக், பட்டை அணியாவிட்டால் ஒலிக்கும் மணி, வேகம் மிஞ்சினால் எச்சரிக்கை, பின்னால் இருப்பதை உணர்த்தும் சென்சார் ஆகியவை கட்டாயமாயின. பின்னோக்கி எடுக்கும் வண்டியின் அடியில் சிக்க இருந்த குழந்தையை அந்தச் சென்சாரின் 'பீப்' ஒலி காப்பாற்றும் என்றால், அதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு நா எழுமா?

எழாது. ஆனால், நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. அதையும் திருப்பிப் பார்ப்போம்.

முன்பெல்லாம் காற்றுக்கு ஒரு திருகு, பாட்டுக்கு ஒரு திருகு. கண் சாலையில் இருக்கும். விரல் தானே தடவிக் கண்டுபிடிக்கும். இன்று அத்தனையும் ஒரு தொடுதிரைக்குள் புகுந்துவிட்டன. தடவினால் தெரியாது, கண்ணால் பார்த்தே தொட வேண்டும். ஸ்வீடன் மோட்டார் ஏடு ஒன்று 2022-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. பொத்தான்கள் உள்ள 2005-ஆம் ஆண்டுப் பழைய வோல்வோவில் நான்கு சிறு வேலைகளைச் செய்ய 10 வினாடி பிடித்தது. தொடுதிரை வைத்த புதிய கார் ஒன்றில் அதே வேலைகளுக்கு 44.6 வினாடி! மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் கார் கடந்துவிடும் தூரம் சுமார் 1,360 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் கவனம் சிதறிய பயணம்! இதற்குப் பெயர் வசதியா? ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு விழித்துக்கொண்டது. ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாவிட்டால், 2026 முதல் மதிப்பெண் குறையும் என்று அறிவித்தது. திரை ஒன்றைப் பொருத்திவிட்டால் பல பொத்தான்களின் செலவு மிச்சம். மிச்சம் கம்பெனிக்கு, ஆபத்து ஓட்டுகிறவனுக்கு!

அடுத்த அதிசயம் கேளுங்கள். இருக்கையைச் சூடாக்கும் கருவியைக் காரிலேயே பொருத்தி விற்றுவிட்டு, அது வேலை செய்ய மாதந்தோறும் கட்டணம் கட்டு என்றது பி.எம்.டபிள்யூ கம்பெனி, 2022-இல், சில நாடுகளில். நம் ஊர் வெயிலில் இருக்கை இலவசமாகவே சூடாகிறது. நமக்கு அந்தக் கவலை இல்லை! ஆனால் நெஞ்சில் கொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது. பொருள் வாங்கியவன் வீட்டில். அதன் பூட்டு விற்றவன் கையில். மக்கள் சீறினார்கள், 2023-இல் கம்பெனி அந்த வழக்கத்தைக் கைவிட்டது. எதிர்ப்பு இருந்தால் எதேச்சாதிகாரம் பின்வாங்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

இன்னொன்று, உளவு! எங்கே போனாய், எப்போது போனாய், எத்தனை முறை திடீரென்று பிரேக் போட்டாய் என்று இன்றைய கார் குறித்து வைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, ஓட்டுநர்களின் முறையான இசைவின்றி இத்தகைய விவரங்களைத் திரட்டி விற்றது என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது. அந்த விவரங்கள் காப்பீட்டுக் கம்பெனிகளின் கைக்குப் போய், பிரீமியத்தை நிர்ணயிக்கப் பயன்பட்டன. காரை வாங்கியவன் பணமும் கொடுத்து, தன்னைப் பற்றிய துப்பும் கொடுக்கிறான்!

இப்போது தெருமுனை மெக்கானிக்கிடம் வருவோம். என்ஜின் ஓசையைக் கேட்டே நோயைச் சொன்ன வைத்தியன் அவன். இன்று கோளாறு மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டறியும் கருவியும் அதன் திறவுகோலும் கம்பெனியின் பெட்டிக்குள் இருக்கின்றன. இது வெறும் புலம்பல் அல்ல. உதிரிபாகங்களையும் கோளாறு அறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிட்டாமல் செய்தது சட்டவிரோதம் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்து, 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலோ, பழுதுபார்க்கும் உரிமையை 2012-இலும் 2020-இலும் வாக்குச்சீட்டின் மூலமே மக்கள் நிலைநாட்டினர். அங்கே வாக்காளனுக்கு முடிந்தது, இங்கே நம்மால் முடியாதா?

வசதியின் வரலாற்றில் நம் நெஞ்சைச் சுடும் கணக்கு இன்னும் ஒன்று உண்டு. காருக்குள் குளிர்சாதனம் 1940-ஆம் ஆண்டு பேக்கார்ட் மாடலிலேயே வந்துவிட்டது. பின் இருக்கையில் சாய்ந்திருக்கும் சீமானுக்குக் குளிர்காற்று! ஆனால், கொளுத்தும் வெயிலில், கொதிக்கும் என்ஜினருகே, நாள் முழுதும் ஸ்டியரிங் பிடிக்கும் லாரி ஓட்டுநருக்கு? புதிதாகச் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2025-இல்தான். 85 ஆண்டுகள்! மாளிகைவாசிக்கு வந்த வசதி உழைப்பாளியின் வியர்வையைத் தொட, ஒரு மனிதனின் ஆயுட்காலம் பிடித்திருக்கிறது.

ஆகவே தோழர்களே, புதுக் காரில் ஒரு வசதியைக் கண்டால், நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். இது நமக்கு வேலையாளா, நம்மீது எஜமானனா என்று கேளுங்கள்! உயிரைக் காக்கும் கருவி விலையுயர்ந்த மாடலோடு நின்றுவிடாமல், மலிவான காருக்கும் வர வேண்டும் என்று கேளுங்கள். ஓட்டுகிறவன் கண் சாலையை விட்டு அகலாதபடி, பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் பொத்தான் இருக்கட்டும் என்று கேளுங்கள். விற்ற பொருளுக்கு வாடகை கூடாது. இசைவின்றித் துப்புத் திரட்டுவது கூடாது. பழுதுபார்க்கும் கருவி மெக்கானிக்கின் கைக்கு எட்ட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள், சட்டமன்றம் வரை கொண்டுசெல்லுங்கள்.

குதிரை போய்க் கார் வந்தது, மகிழ்ச்சி. கைப்பிடி போய்ப் பொத்தான் வந்தது, பெரு மகிழ்ச்சி. இன்னும் எத்தனையோ வரும், வரட்டும்! ஆனால் கடிவாளம் மட்டும் கம்பெனியின் கல்லாப்பெட்டிக்குள் போய்விடக் கூடாது. அது ஓட்டுகிறவன் கையில், உழைக்கிறவன் கையில், மக்கள் கையில் இருக்க வேண்டும். இருக்கச் செய்வோம்!