பாஞ்சாலங்குறிச்சிப் போரிற் குதிரைப்படை

மதுரையினின்று திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலை விருதுநகர், சாத்தூர், கோவிற்பட்டி ஆகிய ஊர்களைக் கடந்து கயத்தாற்றை அடைகின்றது. அக்கயத்தாற்றிலேதான் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். பின்னர் மூண்ட போரில் குதிரைப்படை யாது செய்தது, யாது செய்யவியலாது நின்றது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

1801 பிப்ரவரி 2-ஆம் நாள், கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினான். இடிபட்டுக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சின்னாளில் மீண்டும் எழுப்பினான். அவனை அடக்க மேஜர் மெக்காலே நடத்திச்சென்ற சேனையில், சென்னைக் கவர்னரின் மெய்காவற் குதிரைவீரரும் இருந்தனர். இப்படை 1778-இல் அமைக்கப்பெற்றது. தலைவர் லெப்டினண்டு ஜேம்ஸ் கிராண்டு ஐரோப்பியர். அவர்பின் குதிரையூர்ந்தோரோ இந்நாட்டவர்.

மார்ச்சு இறுதியில், கோட்டைக்குச் செல்லும் வழியில், இவ்வீரர் பாளையக்காரரின் ஈட்டிப்படையுட் பாய்ந்தனர். அவ்வீட்டிகள் பதினெட்டடிக்கும் குறையாத நீளமுடையன. குதிரைவீரன் கைவாளோ நான்கடியும் எட்டாது. ஆகவே, வாள் பகைவனைத் தீண்டுமுன் ஈட்டி குதிரையின் மார்பைத் தீண்டும். பலர் நெருங்கி நின்று ஈட்டிகளை ஒருமுகமாய் நீட்டுவராயின், எத்துணை விரட்டினும் பரி அவ்வேலியை அணுக அஞ்சும். இம்மோதலிற் கிராண்டு தாமே ஈட்டியாற் கொடுங்காயமுற்றார்.

மண்மதிலின்முன் குதிரைக்கு வேலையில்லை. மார்ச்சு 31-ஆம் நாள் கோட்டைமீது ஏறிய காலாட்படை பேரிழப்புடன் பின்வாங்கியது. கர்னல் அக்னியூ பெரும் பீரங்கிகளுடன் வந்து மதிலைப் பிளந்த பின்னரே, மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. அன்று வெளியேறியோரைத் திறந்த வெளியிற் பின்தொடர்ந்தபோதுதான் குதிரைப்படை தன் முழுவலியையும் காட்டிற்று. குலைந்த அணியைத் துரத்துவதே அதற்கியன்ற தொழில் என்பது இதனால் விளங்கும்.

ஊமைத்துரை மருதுபாண்டியரிடம் புகலடைந்தான். மருது உடன்பிறந்தார் அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பர் 16-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியிலும் கொல்லப்பட்டனர்.

இதனை அந்நியருக்கும் நம்மவருக்கும் நடந்த போர் என்று மட்டும் கூறி அமைதல் சாலாது. அண்டைப் பாளையமாகிய எட்டயபுரத்தின் வீரர் கும்பினியார் பக்கம் நின்றனர். கும்பினிச் சிப்பாய்களும் குதிரைவீரரும் இம்மண்ணின் மக்களே. எல்லைப்பகையும் மாதச் சம்பளமும் ஒரு நாட்டாரை இரு கூறாக்கின. ஈட்டிவேலி பிளவுபடாதவரை குதிரை அதனுள் நுழையாது. நாடும் அத்தகையதே என்பதை நம் மாணவர் மறவாதிருப்பாராக.