முப்பத்தைந்து டாலர் கட்டுவதற்கு முன்

நம் சங்கத்துக் குடும்பங்களில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இல்லாத வீடு அநேகமாக இல்லை. எம்.டெக்., எம்.எஸ்ஸி., பி.எச்.டி. என்று மேலே போகும் பிள்ளைகளுக்கு ஒரு கட்டத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் தேவைப்படுகின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடினால் தலைப்பும் பத்து வரிச் சுருக்கமும் வரும். முழுவதும் படிக்க வேண்டுமென்றால் முப்பது, நாற்பது டாலர் கட்டச் சொல்லும். ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய், ஒரே ஒரு கட்டுரைக்கு! தோப்பும்படியில் இருக்கும் நண்பர் ஒருவர், மகனுக்காக ஐந்து கட்டுரைகளுக்குப் பணம் கட்டலாமா என்று என்னிடம் கேட்டார். "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு, களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ப் பார்த்து வந்தேன். அங்கே கண்டதில் நம் குடும்பங்களுக்கு உபயோகமானதை இங்கே எழுதுகிறேன்.

போவது சுலபம். மட்டாஞ்சேரியிலிருந்து படகில் எறணாகுளம். அங்கிருந்து மெட்ரோ ரயில். 'கொச்சின் யூனிவர்சிட்டி' என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. எங்கள் தெருவில் வளர்ந்த பெண் ஒருத்தி அங்கே ஆராய்ச்சி மாணவி. நூலகத்தில் முறைப்படி அனுமதி கேட்டு, இரண்டு நாள் காலையில் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கேள்வி என்னுடையது, தட்டச்சு அவளுடையது.

முதலில், என்ன புதிதாக வந்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே சந்தா கட்டிக்கொண்டிருந்ததற்குப் பதிலாக, நாடு முழுவதற்கும் சேர்த்து அரசே சந்தா கட்டும் ஏற்பாடு இது. 2025 முதல் 2027 வரை மூன்று வருடங்களுக்கு 6,000 கோடி ரூபாய். எல்ஸெவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உட்பட 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆராய்ச்சி இதழ்கள் இதில் அடக்கம். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காந்திநகரில் உள்ள 'இன்ஃப்ளிப்நெட்' என்ற யு.ஜி.சி. மையம் நடத்துகிறது. மத்திய, மாநில அரசுகளின் பொறுப்பில் உள்ள 6,300-க்கும் அதிகமான கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இது பொருந்தும். களமசேரிப் பல்கலைக்கழகம் 1971-ல் மாநில அரசு தொடங்கியது; ஆகையால் இதற்குள் வருகிறது.

இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது சுயநிதிக் கல்லூரிகளில். அவற்றுக்கு இந்தச் சந்தா கிடையாது. நண்பரின் மகனும் அப்படித்தான். அதே பாடம், அதே தேர்வு, அதைவிடப் பல மடங்கு ஃபீஸ். கட்டுரை மட்டும் கிடையாது. இது நியாயமாக எனக்குப் படவில்லை. அடுத்த கட்டத்தில் தனியார் கல்லூரிகளையும் சேர்ப்பதே முறை.

நான் ரயில்வேயில் சேர்ந்தது 1980-களின் தொடக்கத்தில், டிப்ளமா முடித்த கையோடு, தண்டவாளப் பிரிவில். அந்த நாளில் வெளிநாட்டுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்றால் டெல்லியில் இருந்த 'இன்ஸ்டாக்' நிறுவனத்துக்கு எழுதுவார்கள். அது 1952-ல் ஏற்பட்டது. பணம் கட்டினால் ஜெராக்ஸ் பிரதி தபாலில் வரும். அது வரும்வரை காத்திருந்த பெரிய அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். எங்களைப் போன்ற டிப்ளமாக்காரர்கள் கேட்பதாகக்கூட யோசித்ததில்லை. இப்போது பட்டனைத் தட்டிய மறுகணம் திரையில் விரிகிறது. பிரமிப்பாகத்தான் இருந்தது.

நூலகத்தில் பார்த்த தரவுத்தளங்கள் இரண்டு வகை. 'ஸ்கோபஸ்' போன்றவை கால அட்டவணை மாதிரி. எந்த வண்டி எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லும், ஏற்றிக்கொண்டு போகாது. 'ஸயன்ஸ் டைரக்ட்' போன்றவைதான் வண்டி; கட்டுரை முழுவதும் அங்கே இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் அட்டவணையையே திறந்து வைத்துக்கொண்டு "கட்டுரை வரவில்லையே" என்று தவிக்கும் பிள்ளைகள் பலர் என்று அந்தப் பெண் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த விஷயத்தையே தேடச் சொன்னேன். கடலோரப் பாதைகளில், தண்டவாளத்தின் பாதத்தை லைனர் கவ்வியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் தேங்கிவிடும். நாளடைவில் பாதம் அரித்து, யாரோ கடித்த மாதிரி பள்ளம் விழும். பழைய பெட்டிகளின் கழிவறைகளிலிருந்து நேராகப் பாதையில் விழுந்த அசுத்தமும் இதே வேலையைச் செய்தது. இதை நாங்கள் 'லைனர் பைட்' என்போம். அந்தச் சொல்லைக் கொடுத்தால் வந்தது சொற்பம். காரணம் எளிது: அது நம் ஊர் ரயில்வேக்காரர் பேச்சு. உலகத்து இதழ்கள் அதை 'கிரெவிஸ் கரோஷன்' என்று எழுதுகின்றன. நாம் 'ரெயில் ஃபுட்' என்பதை அமெரிக்கர்கள் 'ரெயில் பேஸ்' என்கிறார்கள். அந்தச் சொற்களைக் கொடுத்ததும் திரை நிரம்பிவிட்டது. அவற்றுள் 2008-ல் 'கரோஷன் ஸயன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை, உப்புப் பனியில் நனைத்தும் உலர்த்தியும் புதுவகை ரயில் எஃகுகளைச் சோதித்தது பற்றியது. எழுதியவர்களில் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். டெல்லி இரும்புத் தூண் துருப்பிடிக்காமல் நிற்பதை ஆராய்ந்து புகழ்பெற்றவர்; 2009-ல் காலமானார். முப்பத்தைந்து வருடம் சுத்தியலும் கேஜும் கொண்டு பார்த்த துருவை ஒரு சோதனைச்சாலை வரைபடத்தில் பார்த்தபோது, எழுந்து வர மனம் வரவில்லை. "மாமா, கேன்டீன் மூடிவிடுவார்கள்" என்று அந்தப் பெண்தான் கிளப்பினாள்.

சொல் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் படித்தது ஆங்கிலேயர் விட்டுப்போன சொற்கள். நமக்கு 'ஸ்லீப்பர்', அமெரிக்கருக்கு 'டை'. நமக்கு 'ஃபிஷ் பிளேட்'. அவர்களுக்கு 'ஜாயின்ட் பார்'. நமக்கு 'ரெயில்வே', அவர்களுக்கு 'ரெயில்ரோட்'. 'ஸ்லீப்பர்' என்று தனியாகக் கொடுத்தால் தூக்க வைத்தியமும், அந்தப் பெயருள்ள ஒரு சுறாமீனும்கூட வந்து நிற்கும்! அதனால் தேடுமுன் ஒரு தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மூன்று பெயர்களை எழுதிக்கொள்வது நல்லது. ஒரே பொருளின் வெவ்வேறு பெயர்களுக்கு நடுவில் 'ஆர்' போட வேண்டும். இரண்டு விஷயங்களும் சேர்ந்தே வேண்டுமென்றால் 'அண்ட்'. சிக்னல் இன்டர்லாக்கிங் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: பாயின்ட் சரியாகப் பூட்டியிருக்க வேண்டும், 'அண்ட்' பாதையும் காலியாக இருக்க வேண்டும், அப்போதுதான் சிக்னல் விழும். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்த தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே வரிசையில் தேடும்.

ஊர்ப் பெயர்களில் தொல்லை இதைவிட அதிகம். பாம்பன் பாலத்தைத் தேடினேன். 1914-ல் திறந்தது, 1964 டிசம்பர் புயலில் சிதைந்தது, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் வந்தது என்று நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் பழைய ஆங்கில ஆவணங்களில் அந்த ஊர் பி-ஏ-யு-எம்-பி-இ-என் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய எழுத்தில் தேடுகிறவருக்கு அவை அகப்படா. கொச்சிக்கு சி போட்டு ஒன்று, கே போட்டு ஒன்று. தஞ்சாவூர், தூத்துக்குடி, பாலக்காடு எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரர் பெயர் வேறு. நம் மட்டாஞ்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் செர்ரிப் பழம்போல இரண்டு ஆர் போடுகிறவர்கள் உண்டு, ஒரே ஆர் போடுகிறவர்கள் உண்டு, ஒய் எழுத்துக்குப் பதில் ஐ போடுகிறவர்களும் உண்டு. கம்ப்யூட்டருக்கு இவை மூன்றும் மூன்று ஊர்கள்.

நண்பரின் மகனுக்கு வருகிறேன். அவன் கேட்ட ஐந்து கட்டுரைகளையும் 'கூகுள் ஸ்காலரில்' போட்டுப் பார்த்தோம். அது எல்லாருக்கும் இலவசம். வலப்பக்கத்தில் பி.டி.எஃப். என்று தெரிந்தால் பணமின்றிப் படிக்கலாம். ஆசிரியரே தம் பல்கலைக்கழகத் தளத்தில் போட்டுவைத்த பிரதியாக இருக்கும். மூன்று அப்படியே கிடைத்தன. மீதி இரண்டுக்கும், சுருக்கத்தின் கீழே இருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு மரியாதையாக நாலு வரி எழுதச் சொன்னேன். ஒருவர் மறுநாளே அனுப்பிவிட்டார். தம் கட்டுரையை ஒருவர் விரும்பிக் கேட்டால் எந்த ஆசிரியருக்கும் சந்தோஷம்தானே! இன்னொருவரிடமிருந்து பதில் இல்லை. அதே விஷயம் வேறு ஒரு ஆய்வேட்டில் அகப்பட்டது.

ஆய்வேடு என்றால், 'ஷோத்கங்கா' என்ற தளத்தைப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதையும் இன்ஃப்ளிப்நெட்தான் நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.எச்.டி. ஆய்வேடுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன; கட்டணமில்லை. களமசேரிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் 'த்யுதி' என்ற அதன் சொந்தத் தளத்திலும் உண்டு. தமிழ்ப் புத்தகங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழருடைய 'நூலகம்' தளம் ஆகியவை இருக்கின்றன. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தமிழ் ஆய்வேடுகள் பலவும் பக்கங்களைப் படமெடுத்துப் போட்டவை. உள்ளே இருக்கும் சொல்லைக் கம்ப்யூட்டர் தேடாது. பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும். அப்புறம், அரசுக் கல்லூரியில் படிக்கும் அக்காவின் பாஸ்வேர்டைத் தம்பிக்குக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். கட்டுக்கட்டாக இறக்கினால் பதிப்பகம் அந்தக் கல்லூரிக்கே கதவைச் சாத்திவிடக்கூடும்.

இரண்டாம் நாள், புறப்படுவதற்கு முன், மட்டாஞ்சேரியையும் தமிழரையும் சேர்த்துத் தேடச் சொன்னேன். யூதத் தெருவும், 1568-ல் கட்டிய ஜெபாலயமும், டச்சு அரண்மனையும், மிளகு வியாபாரமும் வந்துகொண்டே இருந்தன. நம்மைப் பற்றிக் கிடைத்தது கைவிரலில் எண்ணக்கூடியது. ஃபோர்ட் கொச்சி வெளியில் தோபிகானாவில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள், தங்கள் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அதையெல்லாம் எழுதி வைத்தது எங்கே? நம் சங்க மலர்களில் பெரியவர்கள் எழுதிய ஊர் நினைவுகள் எத்தனையோ உண்டு. அவை பீரோவில் இருக்கின்றன. 1954-ல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்; 1956-ல் பத்திரிகைகளையும் இதில் சேர்த்தார்கள். நம் மலர்கள் போயிருக்கின்றனவா என்று செயற்குழு பார்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். மின்னூலகத்தில் ஏற்றவும் கேட்டுப் பார்க்கலாம்.

பழைய இதழ்கள் யார் வீட்டிலாவது இருந்தால் சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள். கரையான் அரித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. பட்டியல் போடும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஊர்ப் பெயர்களை எல்லா எழுத்து முறைகளிலும் குறித்து வைக்க, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் தேவைப்படுவார்கள்.